கடைசியாக உள்ளே வந்த நேரம்

2011 நவம்பரில், மென்பொருள் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஆபீஸ் பக் டிராக்கரிலிருந்து பதினாறு பேரின் கணக்குகளையும் எழிலன் தவறுதலாக அழித்துவிட்டான். ஜூன் மாத பேக்கப்பைப் போட்டதும் பதினேழு கணக்குகள் திரும்பி வந்தன. பதினேழாவது, ஆகஸ்டில் இறந்துபோன இளவரசுவுடையது.

"இதை எடுத்துடட்டுமா?" என்று ஜான்சியிடம் கேட்டான். அவளும் இளவரசுவும் சிதம்பரத்திலிருந்து ஒரே பாசஞ்சரில் கடலூருக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள்.

"பேராவது இருக்கட்டும்ண்ணா."

மறுநாள் இளவரசுவின் பெயருக்கு நேரே, கடைசியாக உள்ளே வந்த நேரம் அன்று காலை 9:12 என்று இருந்தது. உயிரோடு இருந்தபோதும் அவன் வந்து உட்காரும் நேரம் அதுதான். எழிலன் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினான். அதற்கு அடுத்த நாளும் 9:12.

வெள்ளிக்கிழமை விடியும்போதே நல்ல மழை. 9:12 ஆயிற்று, அந்தக் கணக்கில் யாரும் வரவில்லை. 9:30க்கும் இல்லை. எழிலன் நிம்மதியாக டீ குடித்தான்.

ஜான்சி நனைந்த துப்பட்டாவோடு உள்ளே வந்தாள். "ஆலப்பாக்கத்துலயே ட்ரெயின நிறுத்திப் போட்டுட்டாங்கண்ணா. முக்கா மணி நேரம்."

அவள் இன்னும் கம்ப்யூட்டரைப் போடவில்லை. எழிலன் தன் திரையைப் பார்த்தான்.

இளவரசு, 9:57.