வாசலோடு நின்ற ஜோடி

தேவகுஞ்சரி டீச்சர் சுற்றுலாப் பேருந்தில் தீவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியபோது, அவருடைய இடது செருப்புக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் பள்ளிவாசல், பிறகு புத்த விகாரை. இரண்டு இடத்திலும் டீச்சர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"இவ்வளவு தூரம் வந்து என்னத்தப் பாத்தோம்? வெறும் படிக்கட்டு!" என்று பொருமியது இடது.

"பொறு, அருவி இருக்கே," என்றது வலது.

அருவியிலும் பாறைமேல் கழற்றி வைத்தார்.

கடைசியாக முருகன் கோவில். கூட்டத்தில் யாரோ எற்றியதில் இடது உருண்டுபோய்ப் பூக்கடைப் பலகைக்கு அடியில் விழுந்தது. சற்று நேரத்தில் பேருந்து ஹாரன் அடித்தது.

"பழைய செருப்புதானே டீச்சர், விடுங்க. புதுசு வாங்கிக்கலாம்," என்றது ஒரு குரல்.

இடது மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பலகைக்கு அடியில் டீச்சரின் முகம் தெரிந்தது. மண்டியிட்டிருந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது.

"இங்கயா இருக்க?" என்றார்.

வீடு திரும்பியதும், எங்கும் போகாத பாத்ரூம் செருப்பு ஆவலாகக் கேட்டது: "அங்க என்னென்ன பாத்தீங்க?"

வலது வாயைத் திறப்பதற்குள் இடது முந்திக்கொண்டது.

"பஸ்ஸையே நிக்க வச்சுட்டு ஒரு முகம் என்னைத் தேடிக் குனிஞ்சுது. அதைப் பாத்தேன்."