மண் மூடாத மதுக்கடை

சியாட்டில் நகரம் வளர்ந்தபோது தெருவையே ஒரு மாடி உயரத்துக்கு மேடாக்கினார்கள். ஹால்வரின் மதுக்கடை நிலவறையாகிவிட்டது; அவர் மேல்தளத்தில் புதுக்கடை திறந்தார். இன்று கட்டடத்தை வங்கிக்கு விற்கிறார். நிலவறையை மண்ணால் நிரப்பிக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று வங்கிக்காரர்கள் மேலே காத்திருக்கிறார்கள்.

மண் கொட்டப் போன வண்டிக்காரன் டூலி திரும்பி வந்தான்.

"கீழ ஆளுங்கள வச்சுக்கிட்டு மண்ணக் கொட்டச் சொல்றீங்களே முதலாளி?"

"காலையிலேயே குடிச்சிட்டியா? அங்க எலிகூடக் கிடையாது."

"எலியா எங்கிட்ட பியர் கேட்டுச்சு?"

ஹால்வர் விளக்கோடு இறங்கினார். யாருமில்லை. பழைய மேசையின் தூசியில், நெருக்கியடித்து நின்றவர்களின் முழங்கைத் தடங்கள் வரிசையாக இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடியில் இன்னும் இரண்டு பதிந்தன.

விளக்கை மேசைமேல் வைத்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

"வங்கிக்காரங்கள திருப்பி அனுப்பிடு, டூலி," என்றார் படியைப் பார்த்து. "கடையில ஆள் இருக்கு."