தந்தவர் பெயர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் நிர்வாகி பதினேழு சமையல் குறிப்புகளைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். யாரிடம் கற்றது என்று எழுதவில்லை.

இணையத்தில் அந்தச் சமையல் குழுவுக்குப் பன்னிரண்டாயிரம் உறுப்பினர்கள். அத்தனை பேருக்கும் அவள் வெறும் ‘நிர்வாகி’. தங்களுக்குள் ‘கறார் அக்கா’ என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அடுத்தவர் கைப்பக்குவத்தை அலுங்காமல் குலுங்காமல் எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டா நிற்க முடியும்?

அவள் வைத்த விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ‘தந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆளின் பெயர் வேண்டும். ‘ஒரு தோழி’ என்றால் செல்லாது. ‘எங்கோ படித்தது’ என்றால் கேட்கவே வேண்டாம்.

ஊரையெல்லாம் பெயர் கேட்கிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வேலையும் வீட்டிலிருந்தேதான். சாமான் கொண்டுவருகிறவர் வாசலில் வைத்து மணியடித்துவிட்டுப் போவார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் கதவைத் திறப்பாள்.

பதினெட்டாவதாக ஒரு கேரட் சூப் வந்தது.

சூப்பில் என்ன பெரிய வித்தை என்று மேலோட்டமாகத்தான் படித்தாள். நான்காவது வரியில் கண் நின்றது.

‘கெட்டியாவதற்கு மாவு வேண்டாம். காய்ந்த ரொட்டியின் ஓரங்களைப் போடவும். இறக்கும்போது அரை ஆப்பிளைத் துருவிச் சேர்க்கவும். மீதி அரை ஆப்பிள் சமைப்பவருக்கு.’

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். கடைசி வரியை மட்டும் இன்னும் ஒரு முறை.

பிறகு கட்டத்தைப் பார்த்தாள்.

‘தந்தவர்: மேல் வீட்டு அக்கா. பெயர் தெரியாது.’

விதி விதிதான். இருந்தாலும் விரல் உடனே போகவில்லை. கடைசியில் எல்லாருக்கும் அனுப்பும் பதிலையே இதற்கும் அனுப்பினாள். பெயர் இல்லாமல் வெளியிட இயலாது.

கையோடு பதில் வந்தது.

“நாலு வருஷமா கீழ் வீட்லதாங்க இருக்கேன், அவங்க பேர் தெரியாது. ஒரு தடவை நான் காய்ச்சல்ல கிடந்து இருமுறதைக் கேட்டுட்டு, சூப்பும் செய்முறை எழுதின சீட்டும் வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், கதவைத் திறக்கல. உள்ளதான் இருந்தாங்க. இப்பகூட மேல நாற்காலி இழுக்குற சத்தம் கேட்டுச்சு. பேசாம என் பேரையே போட்டுக்கட்டுமா?”

அவள் தன் காலடியில் இருந்த தரையைப் பார்த்தாள்.

நீல மூடி போட்ட அந்த டப்பா அன்றைக்குக் கழுவித் துடைத்து, ஒரு பையில் கதவின் கைப்பிடியில் தொங்கியது. மூன்று முறை தட்டியது அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை வாரவில்லை என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். திறந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். காலடிச் சத்தம் கீழே போன பிறகு, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது ஒரு சொல் தட்டினால் போதும். கட்டத்தைத் தானே நிரப்பிவிடலாம். இல்லை, சரி உங்கள் பெயரையே போடுங்கள் என்று விட்டுவிடலாம். யார் குடி முழுகிவிடப் போகிறது? மேல் வீட்டு அக்கா மேல் வீட்டிலேயே இருந்துவிடுவாள், இத்தனை நாள் இருந்த மாதிரியே.

அவள் நெடுநேரம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று பயந்து வேகமாகத் தட்டினாள்.

“அடுத்தவங்க குறிப்புக்கு உங்க பேர் கூடாது. போய்க் கேட்டுட்டு வாங்க. இன்னொரு தடவை கதவைத் தட்டிப் பாருங்க.”

கீழே ஒரு கதவு திறந்தது. செருப்பு மாட்டும் சத்தம், பிறகு படியில் காலடி.

அவள் எழுந்து ஓடிப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். கலைந்த தலையோடு அங்கேயே நின்றாள். கேட்டால் சொல்ல வேண்டுமே என்று தன் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

காலையிலிருந்து பேசாத தொண்டை. பாதிதான் வெளியே வந்தது.

செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள்.