கைக்குட்டைக்குப் பதில்

மாலின் மூன்றாவது மாடி ஃபுட் கோர்ட்டில், ஒரு நாற்காலி தன் மேசையிடம் எரிச்சலோடு சொன்னது: “பாரேன் அக்கா, போன வாரம் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள். இன்றைக்கு மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு அப்பா, அம்மா ரெண்டு பேருமே தோசை வரிசைக்குப் போய்விட்டார்கள்.”

“கைக்குட்டையாவது போட்ட இடத்தில் கிடக்கும். இது கிடக்குமாடி?” என்றது மேசை.

சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளை சறுக்கி இறங்கி எஸ்கலேட்டர் பக்கம் ஓடியது. நாலு கால் இருந்தும் நாற்காலியால் துரத்த முடியவில்லை. காலியான அதன்மேல் ஒருவர் பிரியாணித் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

அப்பாவும் அம்மாவும் தோசையோடு திரும்பினார்கள். இதோ, பிள்ளை பேரைச் சொல்லி அலறப் போகிறார்கள் என்று நாற்காலி காத்திருந்தது.

அப்பா பிரியாணிக்காரரைப் பார்த்துச் சீறினார்: “சார், இது எங்க இடம்!”