தாட்சாயணி வீட்டுக் கரண்ட்

"போச்சா? இன்னிக்கும் போச்சா?" என்று கத்தினாள் தாட்சாயணி.

வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது. அவள் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த மெஷினும் நின்றது. பக்கத்து வீட்டு ரேகாவின் தறி மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"இன்னாங்க, ரேகா வூட்ல மட்டும் எப்டி கரண்ட் இருக்குது?"

"அவங்களுது வேற பேஸ், நம்மளுது வேற பேஸ்" என்றார் கணவர் தனசேகர்.

சொன்னதோடு சரி. வாசலில் மூன்று நாற்காலியைப் போட்டு, வறுத்த வேர்க்கடலையோடு உட்கார்ந்துவிட்டார்.

நகரியில் தறி ஓட்டுகிற மனுஷன், கரண்ட் போனால் இப்படியா கடலை கொறிப்பார்? நாலு பேருக்குப் போன் போட்டுக் கத்த வேண்டாமா? தாட்சாயணிக்கு ஒன்றும் புரியவில்லை.

அவளுக்கு நேரம் என்றால் உயிர். குக்கர் வைக்க, நூல் சுற்ற, துணி மடிக்க என்று எல்லாவற்றுக்கும் போனில் அலாரம் வைத்திருந்தாள். "நேரத்தைப் பிரிச்சு வெச்சுக்கினா குடும்பம் தானா ஓடும்" என்று தெருவுக்கே பாடம் எடுப்பாள். இந்தப் பாழாய்ப்போன கரண்ட் தினமும் சாயங்காலம் அவள் திட்டத்தில் மண்ணைப் போட்டது.

திருப்பதி காலேஜிலிருந்து மகள் பவ்யா வந்துவிட்டாள்.

"கரண்ட் இல்லியாம்மா?"

"அத்த ஏன் கேக்கற? உக்காரு."

பவ்யா அம்மாவின் தோளில் சாய்ந்து பேச ஆரம்பித்தாள். பஸ்ஸில் நடந்த சண்டை, புரியாத பாடம், தோழி ஹர்ஷினிக்கு வந்த பெண் பார்க்கும் படலம் எல்லாம் வந்தது. தாட்சாயணி ஒரு காதில் மகளையும் மறு காதில் ரேகா வீட்டுத் தறியையும் கேட்டாள்.

இன்னொன்றும் அவளுக்குப் புரியவில்லை. போன மாதம் வரை, "திருப்பதியிலேயே ஹாஸ்டல்ல சேந்துக்கறேன்" என்று பிடிவாதம் பிடித்தவள் பவ்யா. அந்தப் பயத்தில் தாட்சாயணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒற்றை மகளை விட்டுவிட்டு எப்படி இருப்பது? ஆனால் இப்போதெல்லாம் அவள் ஹாஸ்டல் பேச்சையே எடுப்பதில்லை. கேட்டால் எங்கே மறுபடி ஆரம்பித்துவிடுவாளோ என்று இவளும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் தெருமுனையில் லைன்மேனைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார், தெனம் சாயங்காலம் எங்க வூட்ல மட்டும் கரண்ட் எடுத்துடறீங்க?"

அவர் முழித்தார்.

"மீ வீதிலோ கரண்ட் போலேதம்மா! உங்க தெருவுல கரண்டே போகல. எல்லா பேஸும் நல்லாத்தான் இருக்குது. மொதல்ல உங்க வூட்டு மெயின் ஸ்விட்சைப் பாருங்க."

தாட்சாயணிக்குச் சுரீர் என்றது. மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே, சந்துச் சுவரில் இருந்தது. வேற பேஸாம், வேற பேஸ்! வேலைக்கு டிமிக்கி கொடுக்க இந்த மனுஷன் போடும் நாடகமா இது? மகள் படிப்புக்காக நான் உட்கார நேரமில்லாமல் ஓடுகிறேன், இவருக்குக் கடலை கேட்கிறதா?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். அன்று சாயங்காலம் பால் வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பி, சந்துத் திருப்பத்தில் நிறுத்தியிருந்த ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

தறி ஓடிக்கொண்டே இருந்தது. தனசேகர் வெளியே வரவே இல்லை.

யாரோ சந்துக்குள் வரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

தோளில் பையோடு வந்த பவ்யா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எக்கி மெயின் ஸ்விட்சை இறக்கினாள். உள்ளே தறி நின்றது.

"அடிப்பாவி, நீயா!"

தாட்சாயணி ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்தாள்.

"நைனாவைத் திட்டாதம்மா."

"அவருக்கும் தெரியுமா? தெரிஞ்சுமா கடலை துன்னுகினு உக்காந்திருந்தாரு? நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னை இன்னாடி நெனச்சுக்கினு இருக்கீங்க?"

பவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் பேச வந்தாலே, 'இரு, நூல் சுத்திட்டு வரேன்'னு சொல்வே. அப்புறம் துணி மடிக்கணும்னு சொல்வே. காத்துக்கினு இருந்துட்டு நானே தூங்கிடுவேன். வூட்ல பேச ஆள் இல்லன்னுதாம்மா ஹாஸ்டல் கேட்டேன்."

"அதுக்கு?"

"நைனாதான் சொன்னாரு. 'ஹாஸ்டலுக்குப் போறதுக்கு முன்னாடி, ஒருதரம் மெயினை இறக்கிப் பாரும்மா. உங்கம்மா கெடச்சாலும் கெடப்பா'ன்னு."