டில்மனின் தங்கச் சட்டம்

"எழுதிடு எமில்! கடைசி வரிசையில உட்கார்றவனுக்கும் கண்ணுல படற மாதிரி, திரையில 'ஆஸ்பெஸ்டாஸ்'னு பெருசா எழுதிடு. விஷயம் முடிஞ்சுது," என்றார் ஹோரஸ் டில்மன்.

ஓவியன் எமில் குபிக் தூரிகையைக் கீழே வைத்தான். டில்மன் புதிதாகக் கட்டியிருந்த நாடகக் கொட்டகைக்கு முன்திரை வரைவதற்காகச் சிகாகோவிலிருந்து ரயிலேறி அயோவா வந்திருந்தான்.

"துணி?"

"சாதாரணப் பருத்தித் துணிதான்! தீப்பிடிக்காத ஆஸ்பெஸ்டாஸ் துணி என்ன விலை விக்குது தெரியுமா? நான் என்ன ராஜாவா? சுத்துவட்டாரத்துல எவன் வாங்கியிருக்கான்? எல்லாரும் எழுத்து மட்டும்தான் வெச்சிருக்காங்க."

"இன்ஸ்பெக்டர் வருவாரே, முதலாளி?"

"அதுக்குத்தானய்யா உன்கிட்ட சொல்றேன். பொய்யை நிஜமாட்டம் காட்டறதுதானே உன் பொழப்பு?"

கொட்டகைகள் இரண்டு மூன்று பற்றி எரிந்ததிலிருந்து அரசாங்கம் கறாராகிவிட்டது. தீப்பிடிக்காத திரை இல்லையென்றால் கதவுக்குப் பூட்டு. டில்மனுக்கோ சனிக்கிழமை திறப்பு விழா. எண்ணூறு டிக்கெட்டும் விற்றாயிற்று. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்.

எமில் தாடையைச் சொறிந்தான். "வர்றவங்க எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் இடது மூலையிலதான் நெருப்பு வெச்சுப் பார்ப்பாங்க. அந்த மூலையில மட்டும் ஒரு முழம் நிஜத் துணி தெச்சுடறேன்."

"ஆளுய்யா நீ!" டில்மன் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "ஆனா ஒண்ணு. நடுவுல என் படம் வருதே, அதைச் சுத்தி இருக்கிற சட்டம் மட்டும் அசல் தங்க ரேக்கு ஒட்டினதா இருக்கணும். அதுல கஞ்சத்தனமே கூடாது. என்ன செலவானாலும் சரி, இந்தா." தடித்த உறை ஒன்றை அவன் கையில் திணித்தார்.

அன்றிலிருந்து எமில் கதவைச் சாத்திக்கொண்டான். டில்மனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு முழம் துணி தைக்க இத்தனை நாளா? சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். எமிலின் முதுகுதான் தெரிந்தது.

"வேண்டாம் முதலாளி," என்றான் அவன், திரும்பாமலே. "ஈரத்துல பார்த்தா சேறு மாதிரி இருக்கும். காஞ்சாத்தான் நிறம் வரும். உங்க மூஞ்சியும்தான்."

திரையை ஏற்றுகிற நாளில் ஆறு தடியர்களுக்குக் கயிற்றை இழுத்து நாக்குத் தள்ளியது.

"என்னய்யா இது, பிணம் கனம் கனக்குது!"

"வண்ணத்துல கலக்கற பசைங்க. அதோட நம்ம முதலாளியோட தங்கம் வேற," என்றான் எமில்.

டில்மனுக்கு வாயெல்லாம் பல். ஆறு, மலை, மரங்கள், நடுவில் அவரே. சுற்றிலும் சட்டம் தகதகவென்று மின்னியது. சவரக் கடைக்காரரிலிருந்து பாதிரியார் வரை ஊரில் ஒருத்தரை விடாமல் கூட்டிவந்து காட்டினார். "அசல் தங்கம்! கண்ணு கூசுது பாருங்க!"

வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் ஸ்டோடார்ட் வந்தார். சிரிப்பு என்றால் என்னவென்று அறியாத முகம். நேராக இடது மூலைக்குப் போய், பையிலிருந்து ஸ்பிரிட் விளக்கை எடுத்துப் பற்றவைத்தார். டில்மன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இந்த மூலையை எல்லாரும் நல்லாத்தான் வெச்சிருக்காங்க," என்ற இன்ஸ்பெக்டர், விளக்கோடு விறுவிறுவென்று திரையின் நடுவுக்கு நடந்தார்.

டில்மன் பின்னாலேயே ஓடினார். "ஐயா, ஐயா! அங்க வேண்டாங்க, வண்ணம் கெட்டுடும்!"

இன்ஸ்பெக்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தீ திரையை நக்கியது. டில்மனின் படத்துக்குக் கீழே வரைந்திருந்த ஆறு கருகியது. டில்மன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். போச்சு, கொட்டகையும் போச்சு, மானமும் போச்சு! ஒரு நிமிஷம் கழித்துத் திறந்தபோது, ஆற்றில் உள்ளங்கையளவு கரி. அவ்வளவுதான். துணி அப்படியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

டில்மன் ஓடிப்போய் எமிலைக் கட்டிக்கொண்டார். "மந்திரவாதிய்யா நீ! அவன் நடுவுலதான் வைப்பான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாதே."

"பின்ன? அங்கயும் ஒரு முழம் தெச்சியா?"

"ஒரு முழமா? மேலேர்ந்து கீழ வரைக்கும் அதே துணிதான், முதலாளி."

டில்மனின் சிரிப்பு பாதியில் நின்றது. "முழுசுமா? ஏன்யா?"

எமில் தரையைப் பார்த்தான். "மூணு வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர்ல, பருத்தித் துணியில இதே வார்த்தையை எழுதிக் குடுத்தேன். அந்தக் கொட்டகை எரிஞ்சுபோச்சு. செத்தவங்கள்ல குழந்தைங்களும் உண்டு. அதுக்கப்புறம் அதைப் பொய்யா எழுதக் கை வரமாட்டேங்குது."

டில்மன் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அது சரி... அவ்வளவு துணிக்கு ஏதுய்யா காசு?"

எமில் டில்மனின் படத்தைச் சுற்றியிருந்த சட்டத்தை அண்ணாந்து பார்த்தான். டில்மனும் அண்ணாந்தார். சட்டென்று குதிகாலை உயர்த்தி அதன் விளிம்பைச் சுரண்டினார். நகத்தில் வெறும் பித்தளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு அசலாவும் ஒண்ணு போலியாவும் கேட்டீங்க. ரெண்டும் குடுத்துட்டேன்," என்றான் எமில். "இடம்தான் மாறிப்போச்சு, முதலாளி."