பூஜ்யம் வந்தால் சரி

"குவாபாரா-சான், இது இப்பவே ஒழிஞ்சாகணும். பத்து மணிக்குத் தொழிலாளர் இலாகாக்காரங்க வந்துடுவாங்க."

ஒசாகா அலுவலகத்தின் பிரிவுத் தலைவர், புச்சோ எபிசாவா, அவள் மேசையில் சூடான டப்பா காபி ஒன்றை வைத்தார். நான்கு வருடத்தில் அவர் வாங்கிக் கொடுத்த முதல் காபி.

ஒழிய வேண்டியவை மிசோகுச்சியின் வருகைப் பதிவுகள். ஒரே மாதத்தில் நூற்றுப் பதினெட்டு மணி நேரம் கூடுதலாக உழைத்து, அவளுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே சரிந்து இறந்தவர் அவர். வேலைதான் கொன்றது என்று காட்ட அவர் மனைவிக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பதிவுகள்.

"தனியா அழிச்சா மாட்டிக்குவோம். மாசாமாசம் பழைய ஃபைலைத் துடைக்குமே உன்னோட பெர்ல் ஸ்கிரிப்ட், அதுக்குள்ளயே அழிக்கிற கட்டளையைச் சேர்த்துடு. கேட்டா வழக்கமான துப்புரவுன்னு சொல்லிக்கலாம்."

"சரிங்க, புச்சோ."

குவாபாரா ஒரு பிள்ளைப்பூச்சி என்பது அலுவலகமே அறிந்த விஷயம். அலுவலகக் கணினிகளை இயக்கும் யூனிக்ஸின் அழிப்புக் கட்டளை ஒன்றை ஸ்கிரிப்டில் சேர்த்தாள்.

"பக்கத்து சீட்டுக்காரன்னு பாவம் பாக்காதே. செத்தவன் திரும்பியா வரப்போறான்? இங்க நாப்பது பேர் சாப்பிடணும்ல?"

அவள் ஸ்கிரிப்டை ஓட்டினாள். திரையில் 0 என்று வந்தது.

"என்னது, பூஜ்யமா? ஒண்ணுமே அழியலையா?"

"அப்படி இல்லீங்க. யூனிக்ஸ்ல பூஜ்யம் வந்தா, கோளாறு எதுவும் இல்லைன்னு அர்த்தம்."

"எல்லாமே தலைகீழா இருக்கே உங்க உலகத்துல! எங்க, அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டு."

திறக்க முயன்றாள். அப்படி ஒன்று இல்லை என்றது கணினி.

"வேற நகல் ஏதாவது?"

"இந்த மெஷின்ல எங்கயும் இல்லீங்க."

"கெட்டிக்காரி!" எபிசாவா டையைச் சரிசெய்துகொண்டு அதிகாரிகளை வரவேற்கக் கிளம்பினார். குவாபாரா காபியைத் தொடவில்லை.

அந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு. இல்லாத ஃபைலை அழிக்கச் சொன்னாலும் முணுமுணுக்காமல் பூஜ்யம் என்றே சொல்லும். மிசோகுச்சியின் பதிவுகளை அவள் போன வாரமே கணினியிலிருந்து அப்படியே ஒரு பென் டிரைவுக்கு நகர்த்தி, அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டிருந்தாள். லிஃப்டிலிருந்து இறங்கிய அதிகாரி எபிசாவாவுக்குக் குனிந்து வணக்கம் சொன்னபோது, மிசோகுச்சியின் மனைவி ஒப்படைத்த அந்தப் பென் டிரைவ் அதிகாரியின் சட்டைப்பையில் இருந்தது.